உறங்குமுன் ஒப்படைப்பு: யூத இரவுச் செபமும் வன்னியின் படுக்கைநேர வழிபாடுகளும்

1. ஆய்வின் நோக்கும் எல்லையும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் யூதச் சமூகம் என்று ஒன்று இல்லை. 12 ஆம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி இலங்கை மன்னனின் அவையில் யூதரும் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். ஆனால் இன்று நமக்கு அண்மையிலுள்ள யூத வரலாற்றைக் காண 1568 இல் மட்டாஞ்சேரியில் எழுந்த பரதேசித் தொழுகைக் கூடம் வரை போகவேண்டும். ஆயினும் வலைப்பாட்டிலும் முழங்காவிலிலும் இரணைப்பாலையிலும் கத்தோலிக்க வீடுகளில் பாயை விரிக்குமுன் சொல்லப்படும் செபத்தின் வேர்களில் ஒன்று எபிரேய மண்ணில் இருக்கிறது. அந்த வேரை அடையாளம் காண்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

இரண்டாவது நோக்கம் ஒரு கேள்விக்கு விடை தேடுவது. படுக்கைநேரச் செபம் என்பது இரவின் ஆபத்துகளிலிருந்து காவல் கேட்கும் வேண்டுதல்தானா? பொதுவாக அப்படித்தான் எண்ணுகிறோம். யூத மூலங்களை நுணுகிப் பார்த்தால் காவல் அச்செபத்தின் ஓர் உறுப்பே, அதன் மையம் அன்று என்பது தெரியவரும். மையம் ஒப்படைப்பு. தன் உயிரைத் தன்னால் காக்க முடியாத நேரத்தில் அதை உரியவரிடம் கையளிப்பதே அச்செபத்தின் முதன்மைச் செயல். இக்கருத்தை நிறுவி, வன்னியின் கத்தோலிக்க, சைவ, இஸ்லாமிய இரவு வழிபாடுகளோடு அதை ஒப்பிடுவதே இங்கு மேற்கொள்ளப்படும் முறை.

2. மூலச் சான்றுகள்

2.1 திருநூல்

யூத நம்பிக்கையின் அடிப்படை அறிக்கை ‘செமா’ எனப்படும். இறைவன் ஒருவரே என்று இஸ்ரயேலுக்கு அறிவிக்கும் அப்பகுதி உபாகமம் (இணைச்சட்டம்) 6:4-9 இல் உள்ளது. அச்சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும், படுக்கும்போதும் எழும்போதும் பேசவும் அதே பகுதி பணிக்கிறது. இதிலிருந்தே காலை, மாலை இருவேளையும் செமாவை ஓதும் கடமை உருவாயிற்று. படுக்கைச் செமா இதற்கு மேலதிகமானது. மாலை வழிபாட்டில் ஒருமுறை ஓதிவிட்டவர் படுக்கையில் மறுபடியும் ஓதுகிறார்.

2.2 தல்மூத்

இவ்வழக்கத்தின் தெளிவான சான்று, யூத அறிஞரின் சட்ட விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத்தின் ‘பெராக்கோத்’ பகுதியில் கிடைக்கிறது. 3 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி யெகோசுவா பென் லேவி, தொழுகைக் கூடத்தில் செமா ஓதியவரும் படுக்கையில் அதை மீண்டும் ஓதுவது அறம் என்கிறார். படுக்கையில் உள்ளத்தோடு பேசி அமைதியாயிருக்கச் சொல்லும் 4 ஆம் திருப்பாடல் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ரபி ஈசாக்கின் பார்வை வேறு. படுக்கையில் செமா ஓதுபவர் இருபுறமும் கூரான வாளைக் கையில் பிடித்தவரைப் போன்றவர் என்றும், தீய ஆவிகள் அவரை அணுகா என்றும் அவர் கூறுகிறார். உள்ளம் அடங்குதல், இரவின் பயத்தை விரட்டுதல் என்னும் இரு நோக்குகளும் தொடக்கத்திலேயே அருகருகே நிற்கின்றன.

அதே பெராக்கோத்தில் ‘ஹமப்பில்’ என்னும் உறக்க ஆசியின் வாசகம் தரப்பட்டுள்ளது. கண்களில் உறக்கத்தை இடுபவர் இறைவனே என்று அவரைப் போற்றி, சமாதானத்தோடு படுத்துச் சமாதானத்தோடு எழவும், கெட்ட கனவுகள் அலைக்கழிக்காதிருக்கவும், இவ்வுறக்கம் சாவாக முடியாதிருக்கவும் அது வேண்டுகிறது. உறக்கம் சாவின் அறுபதில் ஒரு பங்கு என்ற கூற்றும் அந்நூலிலேயே உள்ளது.

2.3 பிற்கால வளர்ச்சி

இச்செபம் நூற்றாண்டுதோறும் வளர்ந்தது. 91 ஆம் திருப்பாடல், 3 ஆம் திருப்பாடல், குருக்களின் ஆசி (எண்ணாகமம் 6:24-26), யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளுக்கு அளித்த ஆசி (ஆதியாகமம் 48:16) முதலியன அதில் சேர்ந்தன. 1565 இல் அச்சேறிய யோசேப்பு காரோவின் ‘சுல்கான் அரூக்’ சட்டத்தொகுப்பு, படுக்கைச் செமாவுக்குத் தனிப்பிரிவு ஒதுக்கியது. காரோ வாழ்ந்த கலிலேயாவின் சபேத் நகரில் ஈசாக்கு லூரியாவின் வழிவந்த மறைஞானிகள் அதற்குப் புதிய ஆழம் தந்தனர்.

3. செபத்தின் உறுப்புகள்

வழிபாட்டு நூல்களுக்கிடையே வரிசை வேறுபடும். எனினும் நான்கு உறுப்புகளைத் தெளிவாகப் பிரிக்கலாம்.

3.1 மன்னிப்பு

மார் சூத்ரா என்ற அறிஞர் படுக்கைக்குப் போகும்போது, தம்மை வருத்திய அனைவரையும் மன்னிப்பதாகச் சொல்வார் என்று தல்மூத்தின் ‘மெகில்லா’ பகுதி குறிப்பிடுகிறது. இவ்வழக்கமே பின்னர் விரிந்த செபமாயிற்று. உடலுக்கோ உடைமைக்கோ மானத்துக்கோ தீங்கு செய்தவர், அறிந்து செய்தவர், அறியாமற் செய்தவர், சொல்லாற் செய்தவர், செயலாற் செய்தவர் என்று ஒவ்வொருவராக எண்ணி மன்னிக்கிறது அது. இப்பிறவியில் செய்தவரோடு வேறொரு பிறவியில் செய்தவரையும் சேர்த்துக்கொள்வது தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கலாம். மறுபிறப்புக் கொள்கை யூத மறைஞான மரபில் வேரூன்றியதன் தடயம் இது. தன்பொருட்டு எவரும் தண்டிக்கப்படக் கூடாது என்றும் செபிப்பவர் கேட்கிறார்.

3.2 அறிக்கை

அடுத்து செமா. நாள் முழுவதும் பல கவலைகளுக்குப் பின்னால் ஓடிய மனம், எல்லாம் ஒருவரிடமிருந்தே வருகின்றன என்ற அறிக்கையில் ஒருமுகப்படுகிறது. ரோமர் ஆட்சியில் கொல்லப்பட்ட ரபி அக்கீவா செமாவை ஓதியபடியே உயிர்விட்டார் எனப் பெராக்கோத் சொல்கிறது. இறக்கும் தறுவாயில் யூதர் ஓதுவதும் இதுவே. ஆகவே ஒவ்வோர் இரவும் படுக்கையில் அதைச் சொல்பவர், தம் கடைசிச் சொல்லை முன்கூட்டியே பயின்று வைக்கிறார்.

3.3 காவல்

காவல் கேட்கும் பகுதி படிமங்கள் நிறைந்தது. வலப்புறம் மிக்கேல், இடப்புறம் கபிரியேல், முன்னே ஊரியேல், பின்னே இரபேல் என்று நான்கு வானதூதர் படுக்கையைச் சூழ்கின்றனர். தலைக்கு மேலே இறைப்பிரசன்னம். சாலமோனின் படுக்கையைச் சுற்றி வாளேந்திய அறுபது வீரர் இரவின் அச்சத்தின்பொருட்டு நிற்பதாகக் கூறும் இனிமைமிகு பாடலின் காட்சியும் (3:7-8) இங்கே ஓதப்படுகிறது. 91 ஆம் திருப்பாடலுக்குத் தீங்குகளை விலக்கும் பாடல் என்ற பெயரே உண்டு. படுக்கையில் செமா ஓதச்சொன்ன யெகோசுவா பென் லேவியே அதை ஓதியபடி உறங்குவார் என்கிறது தல்மூத்.

3.4 ஒப்படைப்பு

31 ஆம் திருப்பாடலின் 5 ஆம் வசனம், உண்மையின் இறைவனாகிய உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன் என்ற பொருளுடையது. படுக்கைச் செபத்தின் உச்சம் இதுவே. பலர் செபத்தின் நிறைவில் பாடும் ‘அதோன் ஓலாம்’ என்னும் பாடலும் இக்கருத்திலேயே முடிகிறது. கண்விழித்த கணத்தில் சொல்லும் ‘மோதே அனீ’ என்ற சிறு நன்றியுரை இதன் மறுபாதி. உயிரைத் திருப்பித் தந்ததற்காக அது இறைவனுக்கு நன்றி கூறி, அவருடைய நம்பகத்தன்மையைப் போற்றுகிறது. மனிதரிடம் புதியதாக ஒப்படைத்த பொருள் பழசாகித் திரும்பிவரும், இறைவனிடமோ களைத்த உயிரைக் கொடுத்தால் புதியதாகத் திரும்பக் கிடைக்கும் என்று ‘மித்ராஷ்’ எனப்படும் திருநூல் விளக்கவுரைகள் கூறுகின்றன. இவ்வகையில் இரவுச் செபமும் விடியற்செபமும் ஒரே பரிமாற்றத்தின் இரு முனைகள்.

4. மையம் எது?

நான்கு உறுப்புகளில் எது முதன்மை? சொற்பெருக்கை வைத்து எடைபோட்டால் காவலே முந்தும். ஆனால் யூதச் சட்டமரபு எதை விட்டுக்கொடுக்கிறது, எதை விட்டுக்கொடுப்பதில்லை என்று பார்ப்பதே சரியான சோதனை. இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது பெராக்கோத்திலேயே இருக்கிறது. வேத அறிஞருக்குப் படுக்கைச் செமா தேவையில்லை என்கிறார் ரபி நாக்மன். இடைவிடாத ஓதலே அவருக்குப் போதும் என்று உரைகாரர் ரஷி (1040–1105) இதற்கு விளக்கம் தருகிறார். உடனே அபாயே என்ற அறிஞர் குறுக்கிட்டு, அறிஞரும் இரக்கம் வேண்டும் ஒரு வசனத்தையாவது சொல்லவேண்டும் என்கிறார். அவர் எடுத்துக்காட்டுவது 31 ஆம் திருப்பாடலின் ஒப்படைப்பு வசனத்தை. கல்வி ஒருவருக்குக் கேடயமாகலாம். ஆனால் எவ்வளவு கற்றவரும் தம் உயிரைத் தாமே வைத்துக்கொண்டு உறங்க முடியாது என்பது இதன் உட்பொருள்.

இரண்டாவது சான்று பாஸ்கா இரவு. எகிப்திலிருந்து விடுதலை பெற்ற அவ்விரவை யூதர் இறைவனே காவல்புரியும் இரவாகக் கொள்வர். ஆகையால் மற்ற இரவுகளில் காவலுக்காகச் சேர்த்து ஓதும் பகுதிகளை அன்று விட்டுவிடும் வழக்கத்தை, 16 ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்த சட்ட அறிஞர் மோசே இசர்லெஸ் பதிவுசெய்கிறார். தூதர்களும் அறுபது வீரர்களும் அன்று ஓய்வெடுக்க, செமாவும் உறக்க ஆசியும் நிலைக்கின்றன.

ரபி ஈசாக்கின் வாள் உவமையைக் காட்டி ஒருவர் இதை மறுக்கலாம். செமாவே காவல் ஆயுதமாக எண்ணப்பட்டது உண்மை. ஆனால் அச்சம் நீங்கிய இரவிலும் செமா ஓதப்படுகிறதென்றால், அது அச்சத்தின்பொருட்டு மட்டும் ஓதப்படுவது அன்று. காவல் தேவை இரவுக்கு இரவு கூடும், குறையும். ஒப்படைப்பு எல்லா இரவுக்கும் உரியது.

5. எபிரேய இரவு வன்னிக்கு வந்த வழி

யேசு சிலுவையில் கடைசியாகச் சொன்னதாக லூக்கா (23:46) தருவது, மேலே கண்ட 31 ஆம் திருப்பாடலின் வசனமே. திருச்சபை அதை இரவுக்கும் உரியதாக்கியது. 6 ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவியர் ஒழுங்கு, நாளின் நிறைவுச் செபத்துக்கு 4, 91, 134 ஆகிய திருப்பாடல்களை நாள்தோறும் விதித்தது. இவற்றுள் 4, 91 இரண்டும் நாம் மேலே கண்டவை. உரோமை வழிபாட்டின் இரவுச் செபத்தில் இன்றும் ஒப்படைப்பு வசனம் மறுமொழியாக வருகிறது. அதைத் தொடர்ந்து முதியவர் சிமியோனின் பாடல். மீட்பைக் கண்டுவிட்டதால் இனி அமைதியாகப் போகலாம் என்னும் அம்முதியவரின் சொற்கள் உறக்கத்துக்கும் சாவுக்கும் ஒருங்கே பொருந்துபவை.

இம்மரபு வன்னியில் வேரூன்றியதற்குத் தனி வரலாறு உண்டு. 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தபின் கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். 1670 அளவில் மாந்தையிலிருந்த விசுவாசிகள் அன்னையின் திருச்சுரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் புகுந்து மருதமடுவில் தங்கினர். அவ்விடம் இன்று மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் வன்னிக் காட்டின் நடுவே உள்ளது. 1687 இல் கோவாவிலிருந்து யோசவாஸ் அடிகள் வரும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவும் இல்லை, பூசையும் இல்லை. இருந்தவை வீட்டுச் செபங்களே. பின்னரும் குரு எப்போதோ ஒருமுறை வந்துபோகும் ஊர்களில் மூப்பரும் அண்ணாவிமாருமே செபம் சொல்லி மக்களை வழிநடத்தினர். கி.பி. 70 இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் யூத வழிபாட்டின் பெரும்பாரத்தை வீடு ஏற்றுக்கொண்டது போன்ற நிலை அது. குருவும் கோயிலும் இல்லாத காலத்தில் ஒரு சமயத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்துபவை பிள்ளைகளைப் படுக்கவைக்குமுன் பெற்றோர் சொல்லித்தரும் சொற்கள். யோசவாஸ் அடிகள் 2015 தை 14 இல் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார். அன்றே திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கும் வந்தார்.

வீட்டுச் செபத்தின் மரபான அமைப்பை யூதச் செபத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செபமாலைக்குப்பின் ஆத்தும சோதனையும் உத்தம மனஸ்தாபச் செபமும் வருகின்றன. காவல் சம்மனசை நோக்கிய செபம் அடுத்தது. நிறைவில் யேசு, மரி, சூசை மூவரிடமும் இருதயத்தையும் ஆத்துமத்தையும் கையளிக்கும் சிறு செபம். நல்மரணத்துக்கான மன்றாட்டும் அதே செபமே. ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. யூதர் பிறரை மன்னிப்பதில் தொடங்க, கத்தோலிக்கர் தம் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பதில் தொடங்குகின்றனர். பிறரை மன்னிக்கும் கடமை கத்தோலிக்கச் செபத்தில் கர்த்தர் கற்பித்த செபத்துக்குள் அடங்கிவிடுகிறது.

6. சைவ, இஸ்லாமிய மரபுகளோடு ஒப்பீடு

6.1 சைவம்

ஆறுமுக நாவலர் (1822–1879) தம் ‘சைவ வினாவிடை’யில் திருநீறு அணியவேண்டிய வேளைகளை வரிசைப்படுத்தும்போது, நித்திரைக்குப் போகும் வேளையையும் நித்திரை விட்டெழும் வேளையையும் சேர்க்கிறார். படுக்கும்போதும் எழும்போதும் என்னும் உபாகமத்தின் இரட்டையே இங்கும் காணப்படுகிறது. திருநீறு உடலின் முடிவை நினைவூட்டும் சின்னம் என்பதால், உறக்கத்தின் வாசலில் அதை அணிவது, உறக்கத்தைச் சாவின் பங்காகக் கண்ட தல்மூத்தின் நோக்குக்கு மிக நெருக்கமானது.

காவல் உறுப்புக்கு நிகரானது கவச இலக்கியம். தேவராய சுவாமிகளின் கந்தசஷ்டி கவசம் உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வேலின் காவலை வேண்டுகிறது. பேய்களும் கொடிய விலங்குகளும் விலகக் கேட்கிறது. யூதர் நான்கு திக்கிலும் தூதரை நிறுத்துவதற்கு ஆகம மரபின் திக்குபந்தனம் ஒப்பாகும். குளக்கட்டில் பிள்ளையாரையும் ஐயனாரையும் வைத்து வழிபடுபவர்களுக்கு, காட்டுப்பன்றியும் யானையும் இறங்கும் வயலில் பரண்மீது இரவைக் கழிப்பவர்களுக்கு, காவல் என்பது வெறும் உருவகம் அன்று. ஆகவே வன்னிச் சைவத்தில் காவல் உறுப்பு ஓங்கி நிற்பதில் வியப்பில்லை.

6.2 இஸ்லாம்

முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஊர்களில் வாழ்ந்து, 1990 ஐப்பசியில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் திரும்பிவரத் தொடங்கிய முஸ்லிம்களின் மரபும் இவ்வொப்பீட்டுக்கு இன்றியமையாதது. நபிகள் நாயகம் ஒவ்வோர் இரவும் உள்ளங்கைகளைச் சேர்த்து, குர்ஆனின் கடைசி மூன்று சூராக்களை ஓதி ஊதி, உடலில் தடவிக்கொள்வார் என ஆயிஷா நாயகி அறிவிக்கிறார். இது காவல். ஒப்படைப்புக்கான ஆதாரம் குர்ஆன் 39:42 இல் இருக்கிறது. உறக்கத்தில் இறைவன் உயிர்களைக் கைப்பற்றுகிறான். சாவு விதிக்கப்பட்டவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் குறித்த தவணைவரை திருப்பி அனுப்புகிறான் என்பது அதன் கருத்து. யூதரின் இரவுச் செபமும் விடியல் நன்றியும் சேர்ந்து சொல்வதை இவ்வசனம் ஒன்றே சொல்லிவிடுகிறது.

7. போர் இரவுகளின் சோதனை

மையம் எது என்ற கேள்வி வன்னியில் ஏட்டுக் கேள்வி அன்று. 2009 தை முதல் வைகாசி வரை வன்னி மக்கள் சேலைகளில் மண் நிரப்பி அடுக்கிய பங்கர்களுக்குள் இரவுகளைக் கழித்தனர். தேவாரமும் கவசமும் செபமாலையும் அங்கே சொல்லப்பட்டன. சொன்னவர்களில் விடியலைக் கண்டோரும் உண்டு, காணாதோரும் உண்டு. பின்னர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

செபம் காவலுக்கான ஒப்பந்தம் என்று கொண்டால், காவல் கிடைக்காத அந்த இரவுகளில் அது பொய்த்துப்போகிறது. இறந்தவர் செபிக்காதவர் என்றோ, பிழைத்தவரின் செபமே கேட்கப்பட்டது என்றோ சொல்லும் கொடுமையான முடிவுக்கும் அது கொண்டுசெல்லும். ஒப்படைப்பை மையமாகக் கொண்ட மரபு இக்கொடுமைக்கு இடம் தராது. அக்கீவாவும் சிலுவையில் தொங்கிய யேசுவும் காப்பாற்றப்படவில்லை. ஆயினும் அவர்களின் செபம் தோற்றதாக அவரவர் மரபினர் கருதவில்லை. உயிர் யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதே அங்கே நிறைவு.

உளநலக் கோணத்திலும் இதைப் பார்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், வன்னியின் கூட்டு மனவடு பற்றி 2010 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். அவரவர் சமய மரபிலுள்ள மந்திரம், செபமாலை, திக்ர் (இஸ்லாமிய இறைநாமத் துதி) முதலியவற்றைத் திரும்பத்திரும்பச் சொல்வதைத் தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுத்தலாம் என்பது அவர் நீண்டகாலமாக வலியுறுத்தி வருவது. பயம் பழகிப்போன உடலுக்கு உறக்கம் என்பது விழிப்பைக் கைவிடும் ஆபத்தான செயல். பழகிய சொற்கள் அந்தக் கைவிடுதலைத் தாங்கக்கூடியதாக்குகின்றன.

மன்னிப்பு உறுப்பு இங்கே ஒரு சிக்கலை எழுப்புகிறது. 2017 மாசி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அதே மாதத்தில் வவுனியாவிலும் தொடங்கியது. இரவுதோறும் எல்லாரையும் மன்னிக்கச் சொல்வது அவர்களின் நீதிக் கோரிக்கையைக் கைவிடச் சொல்வதாகுமா? ஆகாது. யூதச் செபம் மன்னிப்பது, எனக்கு எதிராகச் செய்யப்பட்டதை மட்டுமே. மற்றொருவருக்கு இழைக்கப்பட்ட தீங்கை அவருக்காக மன்னிக்கும் உரிமை எனக்கில்லை. தீங்கு செய்தவர் பாதிக்கப்பட்டவரைச் சாந்தப்படுத்தும்வரை பாவக்கழுவாய் நாளும் அக்குற்றத்தைப் போக்காது எனத் தல்மூத்தின் அடிப்படை நூலான மிஷ்னா (யோமா 8:9) விதிக்கிறது. மகனைத் தேடும் தாய் தன் மனக்கசப்பை இரவில் இறக்கிவைக்கலாம். மகனுக்குரிய நீதியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அவரிடம்கூட இல்லை. உண்மையைக் கேட்டு மறுநாள் மீண்டும் போராட்டப் பந்தலில் அமர்வது இரவு மன்னிப்புக்கு முரணானது அன்று.

8. முடிவுரை

இவ்வாய்வு மூன்று முடிவுகளுக்கு வருகிறது. ஒன்று, யூதரின் படுக்கைச் செபத்தில் காவல் முக்கியமானதாயினும் விலக்கத்தக்கது. ஒப்படைப்பு விலக்க முடியாதது. இரண்டு, வன்னிக் கத்தோலிக்கரின் இரவுச் செபம் 4, 31, 91 ஆம் திருப்பாடல்கள் வழியாக அம்மரபோடு நேர் உறவுடையது; சைவ, இஸ்லாமிய மரபுகள் அதே உறுப்புகளைத் தத்தம் வழியில் கொண்டவை. மூன்று, பேரழிவைக் கண்ட சமூகத்தில் நிலைக்கக்கூடிய இரவுச் செபம், பாதுகாப்பை உறுதிகூறுவதைவிடக் கையளிப்பைக் கற்பிப்பதாகவே இருக்கமுடியும்.

இவற்றை விரிவாக ஆராயத் தேவையான களச்செய்திகள் வன்னி வீடுகளில் முதியோரின் நினைவிலேயே இருக்கின்றன. இடப்பெயர்வுகளில் கையெழுத்துப் பிரதிகளும் பழைய செபப் புத்தகங்களும் தொலைந்தன. அம்மம்மாவின் இரவுச் செபத்தை முழுமையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் குறைந்துவருகின்றனர். வவுனியாப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மூன்று சமயத்தாரின் படுக்கைநேர வழிபாடுகளை ஊர் ஊராக ஒலிப்பதிவு செய்து ஆவணப்படுத்தும் பணியைக் காலம் தாழ்த்தாது தொடங்கவேண்டும்.